மைக்ரோவேவ் லிங்க் பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பகுதி நேரம் ஒரே விஷயத்துக்குப் போனது: டவர் ஏறுமுன் கணக்குப் போடுவது. 'சிக்னல் வந்துவிட்டது' என்று டிஷ்ஷை முறுக்கிவிட்டு இறங்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாதபோது, வந்தது போதுமா என்று எப்படிச் சொல்வது?

டெல்டாவில் நாம் வழக்கமாகப் போடும் லிங்க்கையே, அதாவது இரண்டு டவர்களுக்கிடையே டிஷ் வைத்து ஏற்படுத்தும் ரேடியோ இணைப்பையே, எடுத்துப் பார்த்தோம்: 5.8 கிகாஹெர்ட்ஸ், 10 கிலோமீட்டர், இருபுறமும் 60 செ.மீ. டிஷ். வெட்டவெளி இழப்பு, அதாவது தடையே இல்லாவிட்டாலும் தூரத்தால் சிக்னல் குறைவது, சுமார் 128 டெசிபல். அனுமதிக்கப்பட்ட 36 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் அளவு) கதிர்வீச்சில் அனுப்பி, எதிர்முனை டிஷ்ஷின் 30 டெசிபலைக் கூட்டினால் -62 டிபிஎம் வர வேண்டும். -80க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் டிஷ் பக்கக் கதிரில், அதாவது நடுக்கதிருக்கு இருபுறமும் வரும் பலவீனமான கதிரில், நிற்கிறது. நடுக்கதிரின் அகலம் 6 டிகிரிதான். ஆகவே முதல் உச்சியிலேயே முறுக்காமல், இடம் வலமாக 20 டிகிரி வரை மெதுவாகத் திருப்பி, மூன்று உச்சிகளில் நடுவில் இருப்பதைப் பிடிக்க வேண்டும். பிறகு மேல் கீழ். பிறகு மறுபடி இடம் வலம். அதுவரை மறுமுனையில் கை வைக்கக் கூடாது. பவரைக் கூட்டிச் சமாளிப்பது விதிமீறல்; டிஷ்ஷின் 30 டெசிபல் போக ரேடியோவில் 6 டிபிஎம்தான் வைக்கலாம்.

உயரத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். எதிர் டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. மேற்சொன்ன லிங்க்கின் நடுவழியில் ஃப்ரெனெல் மண்டலத்தின் (நேர்கோட்டைச் சுற்றி சிக்னல் பரவிச் செல்லும் பகுதியின்) ஆரம் 11 மீட்டருக்குச் சற்று மேல். அதில் 60 சதவீதமாவது, அதாவது 7 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர் கூட்ட வேண்டும். நடுவில் 18 மீட்டர் தென்னை நின்றால் இருபுறமும் 27 மீட்டராவது வேண்டும். மரம் வளரும் என்பதால் 30 மீட்டர் வைப்பதே நம் பரிந்துரை.

'மழை வந்தால் லிங்க் போகிறது' என்ற புகாரையும் அலசினோம். 23 கிகாஹெர்ட்ஸில் கனமழை கிலோமீட்டருக்கு 10 டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். 5.8இல் 10 கிலோமீட்டருக்கும் சேர்த்துச் சில டெசிபல்தான். அங்கே குற்றவாளி பெரும்பாலும் வழியில் நிற்கும் தென்னையின் நனைந்த மட்டைகள், அல்லது கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீர். கழற்றிப் பார்த்தால் பின்கள் பச்சை பூத்திருக்கும். ரப்பர் டேப்பைக் கூரை வேய்வதுபோலக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் பிவிசி டேப் போட வேண்டும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும். கனெக்டருக்கு முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இரண்டுக்கும் சேர்த்து பத்து நிமிடம்கூட ஆகாது. தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

நடவுக் காலத்தில் வயலில் தண்ணீர் நிற்கும்போது சிக்னல் ஏறி இறங்கினால் அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலையின் பிரதிபலிப்பு. ஒருமுனை டிஷ்ஷை ஒரு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பு பழுது பார்க்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வகுப்பு நடந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் அழுத்த கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கலாம். டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்கவே கூடாது. கதவைத் திறக்கும்போது ஃப்யூஸ் போனால், புது ஃப்யூஸ் போடுமுன் கதவு ஸ்விட்சுகளைச் சோதியுங்கள்.

வரவு செலவை பொருளாளர் வாசிப்பார். டவர் ஏறுமுன் கணக்குத் தாளை நிரப்புவதை உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கும் தீர்மானத்தை இந்த அறிக்கையுடன் முன்வைக்கிறேன். பேரவை நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.