ஆர்னிகா அழிவது பறிப்பதாலா?

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் கூந்தல் தைலங்கள் பற்றிய கட்டுரையில், தைலக் கம்பெனிகள் ஆர்னிகாவைப் பறித்தே அழித்துவிட்டன, பறிக்கவே தடை போட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அக்கறை சரி. ஆனால் அப்படித் தடை போட்டால் அந்தப் பூ இன்னும் சீக்கிரம் காணாமல் போகும் என்று நினைக்கிறேன்.

நம்மூர் மருந்துக் கடைகளில் தைலமாகவும் ஹோமியோபதி உருண்டையாகவும் கிடைப்பதால், ஏதோ இமயமலை மூலிகை என்று பலர் நம்புகிறார்கள். இது ஐரோப்பிய மலைப் புல்வெளிச் செடி. முழ உயரத் தண்டு, உச்சியில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூ, இதழ்களோ தலை வாராத பிள்ளை மாதிரி ஆளுக்கொரு பக்கம் (கூந்தல் தைலத்துக்குப் போகிற பூ!). பார்க்க வேண்டியது இலையைத்தான். தரையோடு ஒட்டிக் கிடக்கும், அதனால் சுற்றிலும் புல் குட்டையாக இருந்தால்தான் அதற்கு வெயில் கிடைக்கும். சத்தில்லாத புளிப்பு மண்ணில் புல் அப்படித்தான் இருக்கும். அதில் உரமோ சுண்ணாம்போ போட்டால் புல் மளமளவென்று வளர்ந்து இதை மூடிவிடும். மேய்ச்சலும் புல் அறுப்பும் நின்றாலும் அதே கதிதான், முதலில் புதர், அப்புறம் ஊசியிலை மரம். பூவைப் பறித்தாலோ, மண்ணுக்கடியில் இருக்கும் தண்டு மறு வருஷம் துளிர்க்கும். விதைக்கென்று கொஞ்சம் பூவை விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ருமேனியாவின் அபுசேனி மலைக் கிராமங்களில் பூவைப் பச்சையாக விற்காமல் ஊரிலேயே உலர்த்தி விற்க 2000-களில் ஏற்பாடு செய்தார்கள். கையில் நாலு காசு கூடுதலாக வந்தால்தானே உரம் போடாத புல்வெளியை ஒருவர் விட்டுவைப்பார்? பிரான்சின் வோஜ் மலையில், மார்க்ஸ்டைன் பகுதியில், இந்தப் பூவைக் காக்க விவசாயிகளும் பறிப்பவர்களும் கம்பெனிகளும் சேர்ந்து 2007-இல் ஒப்பந்தமே போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 சட்டமும் ஆர்னிகாவுக்கு முழுத் தடை போடவில்லை, பறிப்பதை ஒழுங்குபடுத்தத்தான் வழி சொல்கிறது.

இன்னொன்று, இது அவசரம். உலர்ந்த பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று பெட்டிச் செய்தியில் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குடிக்கச் சொல்லாதீர்கள். அதில் ஹெலனாலின் என்ற நச்சு இருக்கிறது, வயிற்றையும் இதயத்தையும் பாதிக்கும். திறந்த புண்ணில் தடவவும் கூடாது, சிலருக்குத் தோலில் பட்டாலே தடித்துப்போகும். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் நாளைய இதழிலேயே திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை