தங்கமீனின் துடுப்பு நீரின் நிலையைச் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டு அலங்காரம் பற்றி வெளிவந்த கட்டுரையில், வரவேற்பறை மேசைமீது உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்றை வைத்து இரண்டு தங்கமீன்களை விடலாம் என்றும், வாரம் ஒருமுறை நீர் முழுவதையும் மாற்றினால் போதும் என்றும், துடுப்பு கிழிந்தால் கடையில் விற்கும் நீல மருந்தில் சில சொட்டுகள் விட்டால் சரியாகிவிடும் என்றும் எழுதப்பட்டிருந்தது. மூன்றுமே அந்த மீனின் உடலமைப்புக்கு ஒவ்வாதவை. விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதற்கான காரணங்களை எழுதுகிறேன்.

தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. நம் சந்தையில் விற்கும் ரோகுவுக்கும் கட்லாவுக்கும் உறவு. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குளங்களில் வளர்த்துப் பழக்கப்பட்ட இம்மீனின் நீண்ட உடல் வகை குளத்தில் ஒரு அடி வரை வளரும். ஒரண்டா, பிளாக் மூர் போன்ற உருண்டை வகைகள் நல்ல தொட்டியில் அரை அடியைத் தாண்டும். சரியாகப் பேணினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிர் இது. குடுவையின் அளவுக்கு ஏற்பத் தங்கமீன் தன்னைச் சிறிதாக்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அங்கே நடப்பது வளர்ச்சி குன்றுதலே தவிர வேறன்று. இத்தாலியின் ரோம் மாநகராட்சி 2005இல் உருண்டைக் குடுவைகளில் தங்கமீன் வளர்ப்பதற்குத் தடை விதித்தது.

குடுவையின் முதல் கேடு செவுளில் தெரியும். மீனின் உடலில் உண்டாகும் அம்மோனியாவின் பெரும்பகுதி சிறுநீராக அன்றிச் செவுள்கள் வழியாகவே நீரில் கலக்கிறது. சுற்றியுள்ள நீரிலேயே அம்மோனியா மிகுந்துவிட்டால் அது இரத்தத்திலிருந்து வெளியேற வழியின்றித் தங்கி, செவுளின் மெல்லிய இழைகளைப் புண்ணாக்குகிறது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும் என்பதால், உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரையும் சித்திரை வெயிலையும் வைத்துக்கொண்டு மீன் வளர்க்கும் நம் ஊர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருந்தாக வேண்டும். வெப்பம் கூடினால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையுமென்றால், 30 டிகிரியில் ஏழரையளவே கரையும். வாய்வரை நிரப்பிய குடுவையில் காற்று படும் நீர்ப்பரப்போ உள்ளங்கையகலம்தான். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பசிக்கிறது என்று மேலும் தீனி போடுகிறார்கள். அந்தத் தீனியே அடுத்த வேளை அம்மோனியா ஆகிறது.

இனித் துடுப்புகள். முதுகுத் துடுப்பும் மலவாய்த் துடுப்பும் உடல் பக்கவாட்டில் புரளாமல் காக்கின்றன. மார்பிலும் வயிற்றிலும் இணையிணையாக உள்ள துடுப்புகள் நிற்கவும் திரும்பவும் வேகத்தைக் குறைக்கவும் பயன்படுகின்றன. உந்துவிசை வாலிலிருந்து வருகிறது. முதுகுத் துடுப்பே இல்லாத ராஞ்சு வகை தள்ளாடித் தள்ளாடி நீந்துவது இதனால்தான். வாலும் மலவாய்த் துடுப்பும் இரட்டையாக அமைந்த வகைகள், கார்டின் எனும் மரபணுவில் நேர்ந்த மாற்றம் ஒன்றை மனிதன் விரும்பித் தேர்ந்து வளர்த்ததால் வந்தவை. கண்ணுக்கு அழகு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேகமாக நீந்தும் ஒற்றைவால் மீன்களோடு அவற்றை ஒரே தொட்டியில் விட்டால் தீனிக்கான போட்டியில் அவை தோற்றுப்போகும்.

துடுப்பு என்பது எலும்புக் கதிர்களின்மேல் இழுத்துப் போர்த்திய மெல்லிய தோல். அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஆகவே நீர் கெடும்போது முதலில் காட்டிக்கொடுப்பது அதுவே. நலமாக உள்ள மீன் முதுகுத் துடுப்பை விரித்து நிமிர்த்தியிருக்கும். நலமில்லாதது மடக்கிய விசிறிபோல உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அடுத்து வாலில் சிவப்புக் கோடுகள் தோன்றும். அதற்கும் பிறகே ஓரம் வெளுத்துப் பிய்ந்து துடுப்பழுகல் தொடங்கும். இதற்குக் காரணமான ஏரோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் எல்லா நீரிலும் எப்போதும் இருப்பவை. மீனின் மேலுள்ள வழவழப்புப் படலம் பலவீனப்படும்வரை காத்திருப்பவை. ஆகவே அழுகலைக் கண்டவுடன் மருந்துப் புட்டியைத் தேடுவதைவிட நீரைச் சோதிப்பதே முறை. கட்டுரையில் சொல்லப்பட்ட நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் நீலமாக இருக்க வேண்டும். அது ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது பெருங்குறை.

அடிப்பகுதி அழியாதவரை துடுப்பு மீண்டும் வளரும். புதிதாக வளரும் பகுதி முதலில் நிறமின்றிக் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அழுகும் ஓரமோ மங்கிய வெண்மையாகப் பஞ்சடைந்து காணப்படும். இந்த வேறுபாடு தெரியாமல் குணமாகி வரும் மீனுக்கு மேலும் மருந்து கொடுப்பவர்கள் உண்டு. அம்மோனியாவால் புண்பட்ட தோல் ஆறும்போது கருமை படர்வதும் அவ்வாறே அச்சமூட்டுகிறது. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் மீனின் செவுள்மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்கதிரிலும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் முளைக்கும். இவை நோயல்ல. உப்பைத் தூவியதுபோல உடலெங்கும் வாலெங்கும் சிதறிக் கிடந்தால், மீனும் கற்களில் உரசிக்கொண்டால், அது ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய். அப்போது லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை கல்லுப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சேர்க்கலாம். நச்சான நைட்ரைட் இரத்தத்தில் ஏறுவதையும் உப்பு தடுக்கும்.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தொண்டையில் உள்ள பற்களால் அரைபட்ட உணவு நேரே நீண்ட குடலுக்குச் செல்வதால், ஒரே வேளையில் நிறையக் கொட்டாமல், இரண்டு நிமிடங்களில் தின்று தீரும் அளவு நாளைக்கு இருமுறை கொடுத்தால் போதும். உருண்டை வகைகளில், மிதக்க உதவும் காற்றுப்பை நெருக்கப்பட்டிருப்பதால், ஊறவைத்த, மூழ்கும் தீனியே அவற்றுக்கு நல்லது.

நீரைப் பொறுத்தவரை, ஒரு மீனுக்கு 75 லிட்டர் அளவுள்ள நீள்சதுரத் தொட்டியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் இருந்தால், வாரம் கால்பங்கு நீரை மாற்றினால் போதும். முழுவதையும் மாற்றினால் வெப்பமும் காரத்தன்மையும் ஒரேயடியாக மாறி மீன் அதிர்ச்சியடையும். ஃபில்டரின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவக் கூடாது. குளோரின் அதிலுள்ள பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசிவிட வேண்டும். அந்த நல்ல பாக்டீரியாக்கள் பெருகிப் புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பதால், தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருவது தவறு. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் விவரமறிந்த வளர்ப்பாளர்கள் பலர் இதைச் சொல்லவே செய்கிறார்கள், கேட்பவர்தான் குறைவு.

வளர்ப்பு மீன்கள் பற்றித் தங்கள் இணைப்பில் மீண்டும் எழுத நேர்ந்தால், தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் உள்ள மீன்வளக் கல்லூரிகளின் ஆசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு வெளியிட வேண்டுகிறேன். அதற்கு முன், குடுவை பற்றிய யோசனைக்கு ஒரு திருத்தக் குறிப்பையாவது அடுத்த ஞாயிறு வெளியிடுங்கள். அக்கட்டுரையைப் படித்துவிட்டுக் குடுவை வாங்கியவர்கள் இப்போதே இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.