கொட்டகை புரொஜக்டர்களை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்தில் மூடிக்கிடக்கும் சினிமா கொட்டகைகளைக் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாற்றும்போது, உள்ளே இருக்கிற புரொஜக்டரைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். சின்ன வயதில் ஃபியூஸ் போன பல்புக்குள் தண்ணீர் ஊற்றி, வாசல் வெயிலைக் கண்ணாடியால் வீட்டுக்குள் திருப்பி, துண்டு ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்து அப்பாவின் வேட்டியில் படம் காட்டியிருக்கிறேன். அந்தப் படம் அசையாது. அசைய வைக்க வேண்டும் என்ற ஆசை இத்தனை வருடம் கழித்தும் விடவில்லை, போன வருடம் வீட்டிலேயே ஒரு 35 எம்.எம். புரொஜக்டர் செய்துவிட்டேன்.

லென்ஸ் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. விளக்குக்கு எல்.இ.டி. கஷ்டப்பட்டது ஜெனிவா சக்கரத்துக்குத்தான். சிலுவை மாதிரி நாலு வெட்டு உள்ள அந்தச் சின்னச் சக்கரம்தான் ஃபிலிமை இழுத்து நிறுத்தி, மறுபடி இழுத்து நிறுத்தி, விநாடிக்கு 24 தடவை அதையே செய்கிறது. பக்கத்துத் தட்டில் இருக்கிற 'பின்' என்ற சின்ன முளை ஒரு சுற்று வந்தால் சிலுவை கால் சுற்று திரும்பும், அதோடு சேர்ந்த 16 பல் சக்கரம் நாலு பல் நகரும், ஒரு படம் இறங்கும். அதற்கு நிமிடத்துக்கு 1440 சுற்று வேண்டும், கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற மோட்டாரின் தகட்டிலும் 1440 என்றே போட்டிருந்தது! அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. பாளையங்கோட்டை லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்த முதல் சக்கரம் கொஞ்சம் லூஸ், படம் நடுங்கியது. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது.

ஆனாலும் திரையில் எழுத்துக்கெல்லாம் வால் முளைத்து, வெள்ளையாக ஒழுகியது. ஒரு மாதம் விளங்கவில்லை. அப்புறம் பழைய ஆபரேட்டர் அண்ணாச்சி ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, திரையைப் பார்த்துவிட்டு, "ஃபிலிம் நிக்கதுக்குள்ள ஷட்டர் தொறக்குது, ஒரு நூல் பின்னால தள்ளுடே" என்றார். ஃபிலிம் நகரும்போது வெளிச்சத்தை மறைக்கிற தகடுதான் ஷட்டர். தள்ளினேன், வால் போய்விட்டது.

இந்த அறிவு எந்தப் புத்தகத்திலிருந்து எனக்கு வரும்? மிஷினும் வேண்டும், அண்ணாச்சிமாரும் வேண்டும். திருநெல்வேலி கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தில் ஒரு பழைய புரொஜக்டரை மூடியைக் கழற்றி ஓடவிட்டு, சனி ஞாயிறுகளில் ஆபரேட்டர்களைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால் பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்று, 1950க்கு முந்தைய ஃபிலிம் யார் வீட்டிலாவது இருந்தால் விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது சீக்கிரம் தீப்பிடிக்கிற நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம், பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும்.

விற்கத்தான் வேண்டும் என்றால் ஜெனிவா இருக்கிற தலைப்பெட்டியையாவது எடுத்து வையுங்கள். இரும்புக்காரர் தரும் விலையை நானே தந்து வாங்கிக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்