எதிர் நாற்காலியில் இருந்த அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில், போன மாதம் ஒரு சனிக்கிழமை என் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். கையில் பழுப்பு அட்டை போட்ட குரூப் 4 கைடு.

நான் பிளஸ் டூ வரை தமிழ் வழி. கல்லூரியில் முதல் பருவத்திலேயே பொருளாதார அசைன்மென்ட் திரும்பி வந்தது, "சொந்தமாக எழுது" என்று சிவப்பு மையோடு. சொந்தமாக எழுதத் தெரிந்தால் நான் ஏன் காப்பி அடிக்கப் போகிறேன்? அந்தச் சனிக்கிழமை ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லாகப் போனில் தேடி, வரிக்கு மேல் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் அரைப் பக்கம்.

நீங்கள் எதுவும் விசாரிக்கவில்லை. உங்கள் பென்சிலை என் பக்கம் தள்ளி, "போனை உள்ளே வை தம்பி. பத்தி முடியும்வரை நிறுத்தாமல் படி. முட்டுகிற சொல்லுக்கு மட்டும் கோடு போடு" என்றீர்கள். இருபது முட்டும் என்று நினைத்தேன், ஐந்துதான். 'ஸ்கேர்சிட்டி'க்கு அகராதியே தேவைப்படவில்லை, அடுத்த வரியில் தண்ணீர்ப் பஞ்சம் உதாரணமாக இருந்தது. அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததைத் தமிழில் மூன்று வரி, அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னீர்கள். என் முதல் வாக்கியம் ஐந்து வரி ஓடியது. நீங்கள் மூன்று இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தீர்கள், வேறெதையும் தொடவில்லை.

உங்கள் படிப்பில் முக்கால் மணி நேரம் போயிருந்தது. நான் டீ வாங்கி வருவதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

அடுத்த அசைன்மென்ட்டிலும் சிவப்பு இருக்கிறது அக்கா. ஆனால் எல்லாம் நானே செய்த பிழைகள்! பென்சில் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதே மேசையில் இருப்பேன்.