மலையேறும் பழைய லாரிகளுக்கு அபராதம் விதிப்போருக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலைப்பாதையில் வாகனத் தணிக்கை செய்யும் அலுவலர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் பர்லியாறுக்கு மேலே, சிமென்ட் ஏற்றி வந்த எங்கள் லாரி மெதுவாகச் சென்று போக்குவரத்துக்கு இடையூறு செய்ததாக அபராதம் விதித்தீர்கள். "பம்பைக் கூட்டி வைக்கச் சொல், தானாக ஏறும்" என்று ஓட்டுநருக்கு அறிவுரையும் சொன்னீர்கள். அதாவது, எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் பம்பு கூடுதல் டீசல் விடும்படி திருகி வைக்க வேண்டுமாம். அபராதத்தைக் கட்டிவிட்டோம், அறிவுரையைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் லாரியில் இருப்பது டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி, இல்லாத பழைய டாடா 697 எஞ்சின். 5.7 லிட்டர் கொள்ளளவு கொண்ட அது, சமவெளியிலேயே ஏறக்குறைய 130 குதிரைத்திறன்தான் தரும். டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். எரிப்பதற்குக் காற்று வேண்டாமா? ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. இந்த எஞ்சினோ தானாக இழுக்கும் காற்றை மட்டுமே நம்பியிருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியை நெருங்கும்போது அந்தக் காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பம்பைக் கூட்டினால் மிஞ்சும் டீசல் கரும்புகையாக வெளியேறும், சைலன்சர் குழாய் பழுக்கும், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும், ஒரு நாள் பிஸ்டனின் தலையே உருகும். டர்போ பொருத்தலாமே என்பீர்கள். கூடுதல் அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும்படி அந்த பிஸ்டனும் ஹெட்டும் வடிவமைக்கப்படவில்லை.

கரும்புகை வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இத்தகைய பழைய வண்டிகளுக்குப் புகை வரம்பு, புகையின் அடர்த்தியை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65. அதைத் தாண்டினால் புகைச் சான்றிதழ் கிடைக்காது. ஆக, பம்பைக் கூட்டினால் புகைக்கு அபராதம், குறைத்தால் வேகத்துக்கு அபராதம்.

கொண்டை ஊசி வளைவில் லாரி முக்கும்போது, கிளீனர் கையில் கட்டையுடன் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிறான். எஞ்சின் அணைந்து வண்டி பின்னால் உருண்டால் அந்தக் கட்டைதான் காப்பு. அவனிடம் போய் வேண்டுமென்றே மெதுவாக வருவதாகச் சொல்லிப் பாருங்கள். அதே வளைவில் காரை நிறுத்திவிட்டுப் புகைப்படம் எடுப்பவர்களை யாரும் இடையூறு என்பதில்லை; சாலை அவர்களுக்காகப் போடப்பட்டது போலும், சிமென்டும் அரிசியும் உரமும் தாமாகவே மலையேறி வந்துவிடும் போலும்.

டர்போ, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் காமன் ரயில் எல்லாம் சேர்ந்த புதிய எஞ்சின், ஏறக்குறைய இதே கொள்ளளவில் 180 குதிரைத்திறன் தருகிறது என்பதை அறிவோம். வாங்கத்தான் ஆசை, வட்டியை யார் கட்டுவது?

ஆகவே, அனுமதிக்கப்பட்ட எடைக்குள் பாரம் ஏற்றி, புகைச் சான்றிதழும் வைத்திருக்கும் லாரிகளுக்கு ஏற்றத்தில் மெதுவாகச் செல்வதற்காக அபராதம் விதிப்பதை நிறுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சாலை அகலமாயுள்ள இடங்களில் லாரிகள் ஒதுங்கி வழிவிடப் பலகை வைத்துக் கொடுங்கள். பின்னால் வரும் வண்டிகளுக்கு வழிவிட எங்கள் ஓட்டுநர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். வேகத்துக்காகப் பம்பைக் கூட்டச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மேட்டுப்பாளையம்–ஊட்டி தடத்தில் லாரி ஓட்டும் உரிமையாளர்களில் ஒருவன்