காயிலை மாற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள மகளுக்கு,

உன் செய்தியைப் படித்தேன். காலையில் உன் பழைய கார் ஒழுங்காக எடுக்கிறது, கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் தானே நின்றுவிடுகிறது, அரைமணி நேரம் விட்டால் மறுபடி எடுக்கிறது, சில நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' என்பதோடு சரி. இவ்வளவும் சொல்லிவிட்டு, பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைக் கொடுக்கும் காயில், அதன் கரண்டை விட்டுவிட்டு நிறுத்தும் பாயிண்ட், பாயிண்ட்டுக்குத் துணையான கண்டென்சர், எஞ்சினுக்குள் பொறி விடும் பிளக் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறாய். வேண்டாம் கண்ணு. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. புதுக் கண்டென்சரே கெட்டதாக வந்துவிட்டால் அப்புறம் பைத்தியம்தான் பிடிக்கும்.

நீ சொன்னதில் இரண்டு கோளாறு இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

முதலில் அந்த 'டக்'. அதற்கும் காயிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. வெளிச்சம் ஒரேயடியாக மங்கினால் பெரும்பாலும் பேட்டரி அல்லது அதன் இணைப்பு. மங்காமல் அப்படியே இருந்தால் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும், அதற்குக் கரண்ட் விடும் சோலனாய்டு சுவிட்சையும் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி வோல்ட்மீட்டரில் 12.6 காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படு.

பேட்டரி நன்றாக இருந்தும் 'டக்' வந்தால், பேட்டரியை வண்டியின் உடம்போடும் எஞ்சினோடும் இணைக்கும் எர்த் கேபிளை அளந்து பார். பழைய வண்டிகளில் யாரும் கவனிக்காத இடம் அது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள். எஞ்சின் எடுத்துவிடாமல் இருக்க, காயிலுக்கு மின்சாரம் கொண்டுவரும் சிறிய வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிடு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் பக்க ஈயக் கம்பத்திலேயே வை, மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் இல்லை. மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்து, பக்கத்தில் இருப்பவரை செல்ஃப் போடச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ துரு, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. கழற்றித் தேய்த்து இறுக்கினாலே சரியாகிவிடலாம். வெளியே பளபளவென்று இருக்கும் கிளாம்புக்கு உள்ளேதான் வெள்ளைப் பூச்சு ஒளிந்திருக்கும்.

இனி சூட்டில் நிற்பது. காயில் என்பார்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிறது என்பார்கள். இரண்டுமே நடக்கக்கூடியதுதான். ஆனால் வண்டி ஆறிய பிறகு சோதித்தால் ஒன்றுமே தெரியாது, எல்லாம் நன்றாக இருப்பதுபோலத்தான் காட்டும். அதனால் பொறி வருகிறதா என்று காட்டும் ஸ்பார்க் டெஸ்டரையும் 12 வோல்ட் டெஸ்ட் லேம்பையும் வண்டியிலேயே வைத்துக்கொள். நின்ற இடத்தில், நின்ற உடனே, ஓரமாக ஒதுக்கி பானெட்டைத் திற. பிளக் வயரில் டெஸ்டரை மாட்டிச் செல்ஃப் போடச் சொல். அடர்ந்த நீலப் பொறி தொடர்ந்து வந்தால் பற்றவைப்பு பக்கம் பழுதில்லை, பெட்ரோல் பக்கம் போ. பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால் தொடர்ந்து தேடு. கையால் மட்டும் பிடிக்காதே, அதில் இருபதாயிரம் வோல்ட்கூட இருக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

அடுத்து, காயிலில் இருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்கு (பாயிண்ட் உள்ளே இருக்கும், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) போகும் சிறிய வயரின் முனையில் டெஸ்ட் லேம்பை வைத்து, மறுமுனையை எர்த்தில் கொடு. எஞ்சின் சுற்றும்போது விளக்கு மினுக்க வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அழுக்கு படிந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் பக்கம் எர்த்தாகி நிற்கிறது. மினுக்குகிறது, ஆனால் காயிலின் தடித்த நடு வயரில் பொறி இல்லை என்றால் கண்டென்சரும் காயிலும்தான் மிச்சம். இரண்டுமே சூட்டில் கைவிட்டு, ஆறினால் திரும்பும் சாமான்கள். விலை குறைந்த கண்டென்சரை முதலில் மாற்று. நடு வயரில் பொறி வந்து பிளக்கில் வரவில்லையா, டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் ரோட்டாரையும் அதன் மூடியான கேப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார். முடி அளவு விரிசல் போதும்.

சாவியைத் திருப்பியிருக்கும்வரை எஞ்சின் பிடித்து, கையை விட்டதும் அணைகிறதா என்றும் கவனி. காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் அப்படி நடந்தால் அது அறுந்திருக்கலாம். செல்ஃப் போடும்போது மட்டும் அதைத் தாண்டிக் காயிலுக்கு நேராகக் கரண்ட் போகும் ஏற்பாடு அது.

இந்தப் பாயிண்ட்-காயில் முறையை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங்தான் 1912 காடிலாக்கில் வந்த மின்சார செல்ஃபையும் செய்தவர். உன்னைப் படுத்தும் இரண்டு கோளாறும் ஒரே மனிதரின் கைவேலையில் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

பாயிண்ட் இடைவெளியை உன் வண்டியின் கையேட்டில் பார்த்து வை. பல வண்டிகளில் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எஞ்சின் ஓடாதபோது சாவியை 'ஆன்' நிலையில் வெகுநேரம் விட்டுவிடாதே. பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சும்மாவே சூடாகும்.

எர்த் கேபிளில் எத்தனை வோல்ட் காட்டியது, சூட்டில் நின்றபோது விளக்கு மினுக்கியதா இல்லையா, இந்த இரண்டையும் எழுது. அதற்கப்புறம் எதை வாங்குவது என்று பேசுவோம்.

அன்புடன்,
அப்பா