மகளுக்கு, ‘செட்’ பற்றி

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மலருக்கு,

நீ நர்ஸாகப் போயிருக்கும் பிரிட்டன் ஆஸ்பத்திரி வார்டில் ஆளாளுக்கு ‘செட்’ என்கிறார்கள், ஒவ்வொருத்தர் வாயிலும் ஒவ்வொரு அர்த்தம் என்று எழுதியிருந்தாய். உன்மேல் தப்பில்லை. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இருப்பதிலேயே நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். பிறகு ‘ரன்’ முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் என்று கணக்கிட்டார்கள். இதையெல்லாம் வெள்ளைக்காரர்களே மனப்பாடம் செய்வதில்லை, நீயும் செய்யாதே. சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நிற்கிறது என்று பார், போதும்.

பம்பு செட், மைக் செட், நகை செட் என்று நம்மூரில் புழங்குவது பெயர்ச்சொல். லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, ஒரு கூட்டமாகச் சேர்ந்தவை என்று பொருள். இதில் சிக்கல் குறைவு. எத்தனை சேர்ந்தால் ஒரு செட் என்று தெரிந்தால் சரி. அங்கே ‘எ ஃபுல் செட் ஆஃப் ஆப்ஸ்’ (ஆப்ஸ் என்பது ‘அப்சர்வேஷன்ஸ்’, நோயாளியைப் பார்த்து எடுக்கும் அளவுகள்) என்றால் மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் வெப்பம் என ஆறும். பி.பி. மட்டும் பார்த்துவிட்டு ‘செட் டன்’ என்றால் முறைப்பார்கள். பிசியோதெரபிஸ்ட் ‘த்ரீ செட்ஸ் ஆஃப் டென்’ என்றால் பத்துப் பத்தாக மூன்று தடவை, நடுவே ஓய்வு. நோயாளியை ஒரே மூச்சில் முப்பது செய்ய வைத்துவிடாதே.

வினைச்சொல்லின் பிறப்பே வேறு. நம் இலக்கணத்தில் அமர் தன்வினை, அமர்த்து பிறவினை. ‘சிட்’டுக்கும் ‘செட்’டுக்கும் அதே உறவுதான். ‘ஃபால்’ விழுவது, ‘ஃபெல்’ மரத்தை வெட்டி வீழ்த்துவது, அதுவும் இதே வகை. ஒன்றை அதற்குரிய இடத்தில், அதற்குரிய நிலையில் அமர்த்துவதுதான் ‘செட்’. அலாரம், டிரிப் வேகம், சாப்பாட்டு மேசை, மோதிரத்தில் கல், முறிந்த எலும்பு, எல்லாம் இதில் அடங்கும். வம்பு எங்கே என்றால், பிறவினையாகப் பிறந்த சொல் நாளடைவில் தன்வினையாகவும் ஆகிவிட்டது. சூரியன் ‘செட்’ ஆகிறது, ஜெல்லி ஆகிறது, சிமென்ட் ஆகிறது. அமர்த்தியவர் யாரும் இல்லை, தானே அமர்கிறது.

எலும்பு முறிவு வார்டில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். கையை ‘செட்’ செய்பவர் டாக்டர். முறிந்த முனைகளை நேராகச் சேர்ப்பது அது. மேலே போட்ட மாவுக்கட்டு தானாக ‘செட்’ ஆகிறது. ஆனால் செட் ஆனது வேறு, காய்ந்தது வேறு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொஞ்ச நிமிடத்திலேயே சூடாகி இறுகிவிடும். முழுக்கக் காய 24 முதல் 72 மணி நேரம் ஆகும். அதற்குள் விரல் நுனியால் பிடித்துத் தூக்கினால் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும். உள்ளங்கையால் ஏந்தித் தலையணைமேல் வை. ‘ஹேஸ் இட் செட்?’ ஒரு கேள்வி, ‘இஸ் இட் டிரை?’ இன்னொரு கேள்வி. நம்மூர்க் கொத்தனாருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். இந்தியத் தர அளவுப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். அதற்குப் பிறகும் நாள் கணக்கில் தண்ணீர் கட்டித்தான் பலம் வருகிறது.

அடுத்து, பின்னால் ஒட்டும் சின்னச் சொல். இதில் ‘செட் ஆஃப்’தான் உன் வேலைக்கு ஆபத்தானது. ‘ஆஃப்’ என்று காதில் விழுந்ததும் அணைப்பது என்று நினைக்கத் தோன்றும். நேர் எதிர்: ‘ஹி செட் ஆஃப் தி அலாரம்’ என்றால் அலாரத்தை அலற வைத்தார். அணைக்க ‘டர்ன் ஆஃப்’, சத்தத்தை மட்டும் நிறுத்த ‘சைலன்ஸ்’. வேர்க்கடலை ஒருவருக்கு ஒவ்வாமையைக் கிளப்பினாலும் ‘செட் ஆஃப்’தான். பின்னால் எதுவும் இல்லாமல் ‘ஷி செட் ஆஃப் அட் சிக்ஸ்’ என்று நின்றால் ஆறு மணிக்குக் கிளம்பினாள்.

‘செட் இன்’ நாசூக்கானது. பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளர் ஏராளமான வாக்கியங்களைக் கணினியில் திரட்டிப் பார்த்து, இதற்கு எழுவாயாக வருவது பெரும்பாலும் வேண்டாத விஷயம் என்று காட்டினார்: அழுகல், சிதைவு, விரக்தி. உன் வார்டில் ‘இன்ஃபெக்ஷன் செட் இன்’. வந்தது மட்டுமில்லை, தங்கப்போகிறது. நம்மூரில் வானிலைத் துறை வடகிழக்குப் பருவமழை ‘செட் இன்’ ஆனது என்று அறிவித்தால் அது நல்ல சேதி (கெடிலக் கரையில் குடியிருப்பவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்). அங்கே மழையைப் பற்றி அப்படிச் சொன்னால் அலுப்பு. நோயாளி தேறிவருகிறார் என்பதற்கு இதைப் போடாதே.

‘செட் அப்’ கவனம். தமிழில் ‘செட்டப்’ என்றாலே ஏதோ கள்ளத்தனம். ஆங்கிலத்தில் டிராலியையோ டிரிப்பையோ ‘செட் அப்’ செய்வது தயார்ப்படுத்துவது, கூசத் தேவையில்லை. ‘ஐ வாஸ் செட் அப்’ என்று ஒருவர் குமுறினால் மட்டும், தன்னைத் திட்டமிட்டு மாட்டிவிட்டார்கள் என்கிறார். ‘செட் பேக்’ பின்னடைவு. ‘இட் செட் மீ பேக் ஃபார்ட்டி பவுண்ட்ஸ்’ என்றால் நாற்பது பவுண்டு பழுத்துவிட்டது. ‘ஆல் செட்’ தயார். ‘செட் இன் ஹிஸ் வேஸ்’ என்பது மாறாத பழக்கமுள்ள பெரியவர், உனக்குத் தினம் ரெண்டு பேராவது இருப்பார்கள்.

நம் வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகாதே. ‘அந்த ஷிஃப்ட் எனக்கு செட் ஆகலை’ என்பதை ‘நாட் செட் ஃபார் மீ’ என்றால் விழிப்பார்கள். ‘டஸ்ன்ட் சூட் மீ’ என்று சொல். படுக்கையைச் சரிசெய்ய ‘மேக்’, பழுதைச் சரிசெய்ய ‘ஃபிக்ஸ்’, ‘செட்’ இல்லை.

இறந்தகாலத்திலும் ‘செட்’தான், ‘செட்டட்’ கிடையாது. ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கு எழுதும் ஹேண்ட்ஓவரில் ‘ஐ செட் த ரேட்’ என்று மட்டும் எழுதினால் வழக்கமாக வைப்பதா, இன்று வைத்ததா தெரியாது. 1000 மில்லி டிரிப்பை 8 மணி நேரத்துக்கு ஓட்டுகிறாய் என்றால் ‘ரேட் செட் அட் 125 மில்லி பெர் அவர்’ என்று போட்டு, பக்கத்திலேயே நேரத்தையும் எழுது.

அன்புடன்,
அம்மா